கண்ணில் ஒற்றிவிட்டுக் கிழித்தேன்

"மிஸ், இதைக் கிழிக்கக் கூடாது."

ரூத் இதைச் சொன்னபோது அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை பசை. விரல் நுனியில் ஒரு துண்டுத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பழுத்த மஞ்சள் நிறம். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நடுவில் கட்டை கட்டையான கறுப்பு எழுத்துகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவள். தாளைக் கீழே போடவும் மனமில்லாமல், பொம்மையின் தலையில் ஒட்டவும் மனமில்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் கூடாது?"

"தெரியேல்லை மிஸ். இப்பிடி எழுத்து உள்ள புத்தகம் கீழ விழுந்தா எங்கட தாத்தா எடுத்துக் கொஞ்சிப் போட்டுத்தான் வைப்பார்."

வகுப்பில் இருபத்திநாலு பிள்ளைகள். பசை ஆறிக்கொண்டிருந்தது. ஆறினால் கட்டி பட்டுவிடும். எனக்கு அவசரம்.

"நல்லதுதானே. உம்மட ராசாவின்ர தலைக்குள்ள உங்கட எழுத்தும் இருக்கட்டும். ஒட்டும் பாப்பம்."

ஒட்டினாள். டீச்சர் சொன்னால் ஒட்டத்தானே வேண்டும்.

ட்ராம், குளிர், மெல்பேர்னில் நான் முதன்முதலாக அவித்த இட்லி கல்லாகப் போனது என்று இந்தத் தொடரில் என்னென்னவோ எழுதிவிட்டேன். "யூதப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததாக ஓரிடத்தில் சொன்னீர்கள். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்று சிட்னி கிரவீனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ரூத்தின் கையில் தொங்கிய அந்தத் துண்டுத் தாள்தான். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

சைவமா? மிக நல்லது

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில் ஆராய்ச்சி மாணவர். பகல் முழுவதும் ஆய்வுகூடத்தில் இருப்பார். நான் கொழும்பில் சித்திரப் பயிற்சி முடித்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்துவிட்டு வந்தவள். வந்த இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்போது பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் தட்டுப்பாடு. நகரின் தென்கிழக்கில், கடற்கரைக்கு அதிக தூரமில்லாத ஒரு சிறிய யூதப் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை தேவை என்றார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். சேலை கட்டி, அதன்மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை என் சான்றிதழ்களைப் பெரிதாகப் பார்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டு வருவேன் என்று கேட்டார். நான் சைவம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர்களுடைய சாப்பாட்டு விதிகள் அத்தனை கடுமை. என்னால் ஒன்றும் கெடாது என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமைகளில் இரண்டு பாடவேளை சேர்த்துப் பாரம்பரிய வகுப்பு. கதையும் சித்திரமும் சேர்த்து நடத்த வேண்டும். கதை சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார், சித்திரம் உங்களுடையது என்றார்கள். யாருடைய பாரம்பரியம், எனக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மேசையில் ஏறி இருந்தவர்

கதை சொல்பவர் மிஸ்டர் ஹெர்ஷ். குள்ளமான மனிதர். கோடையிலும் கம்பளிச் சட்டைதான். வகுப்புக்குள் வந்ததும் மேசையில் ஏறி இருந்துவிடுவார். கால் நிலத்தில் முட்டாது. புத்தகம் கொண்டுவரமாட்டார்.

"புத்தகத்தைத் திறந்தா பிள்ளையள் கண்ணை மூடிப் போடுவினம்" என்பார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பேசியது போலந்து வாடை அடிக்கும் இங்கிலிஷ். ஆனால் எனக்குள் அவர் இத்தனை வருடமாக யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அவரையும் மற்றவர்களையும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் பழைய அரசர்களின் கதை சொல்வார், பாலைவனத்தில் வழி தவறியவர்களின் கதை சொல்வார். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, "இப்ப மிஸஸ் சிவா கீறுவா" என்பார். நான் கரும்பலகையில் நிறச் சோக்கால் கீறுவேன். பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். பாலைவனத்துக் கழுதை இவ்வளவு கொழுப்பாக இருக்குமா என்பான் ஒருவன். இன்னொருவன் தன் தாளில் அரசனுக்கு உதைபந்தாட்டக் கழகத்தின் பனியன் போட்டுவிட்டான். நான் அழிக்கச் சொன்னேன். ஹெர்ஷ் விடவில்லை.

"இருக்கட்டும். அந்த ராசாவும் இனி இங்கதானே குடியிருக்கப் போறான்."

அந்தப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் தாய் தகப்பன் இரண்டாம் உலகப் போரில் தப்பி வந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் தங்கள் பழைய மொழியான யித்திஷில் கேட்க, பிள்ளைகள் இங்கிலிஷில் பதில் சொன்னார்கள். பிரார்த்தனையில் ஒரு நாடு, அம்மாவின் அழுகையில் ஒரு நாடு, பந்தடிக்கிற நாடு வேறு. இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதுதான் எங்கள் இருவருக்கும் கொடுத்த வேலை.

"எங்கட கதையெண்டா அழுகை மட்டும்தான் எண்டு இதுகள் நினைச்சுப் போடக் கூடாது" என்று ஹெர்ஷ் ஒருநாள் சொன்னார். அதனால் அந்த வருடக் கடைசியில் பெற்றோருக்கு ஒரு பொம்மை நாடகம் போடுவது என்று முடிவு செய்தோம். பகைவன் பிடித்துக்கொண்டு போன சனங்கள், பல காலம் கழித்து ஊர் திரும்புகிற பழைய கதை. அதில் ஒரு கழுதைக்காரனை அவராகவே சேர்த்தார். வழி முழுக்க ஆட்களை எண்ணிக்கொண்டு வருவதுதான் அவன் வேலை.

கச்சான் சரை

பொம்மைத் தலை செய்வது எனக்குக் கை வந்த வேலை. களிமண் உருண்டையின் மேல் தாள் துண்டுகளைப் பசை தொட்டு ஏழு சுற்று ஒட்டுவோம். காய்ந்ததும் இரண்டாகப் பிளந்து களிமண்ணை எடுத்துவிட்டுப் பிறகு பொருத்துவோம். கோதுமை மாப் பசையில் வெந்தயத் தூள் கலப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பூச்சி அண்டாது. அந்த மாதம் முழுக்க என் வகுப்பறை வெந்தயக் குழம்பு வைத்த குசினி போல மணந்தது. பிள்ளைகள் முதலில் மூக்கைப் பொத்தினார்கள், பிறகு விரலை நக்கிப் பார்த்தார்கள்.

பிரச்சினை தாள்தான். மெல்பேர்ன் செய்தித்தாள் மெலிசு. பசையில் போட்டால் நைந்துவிடும். மை கரைந்து, மேலே அடிக்கிற நிறத்தைச் சாம்பலாக்கிவிடும். பழைய தாள் ஏதும் இருந்தால் மாடிப்படிக்குக் கீழே வையுங்கள் என்று பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் ஸ்டாவ்ரோஸிடம் சொல்லியிருந்தேன். கிரேக்கர். கட்டை மீசை. கிழமைக்கு ஒரு கட்டு, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டி வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் காலை அந்தக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. பக்கவாட்டில் மையால் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. உள்ளே அட்டை கழன்று, தையல் விட்டுப்போன பழைய புத்தகத் தாள்கள். தொட்டுப் பார்த்தேன். தடித்த, நார் ஓடிய, துணி மாதிரியான தாள். இந்தக் காலத்தில் கடையில் கேட்டாலும் கிடைக்காது. கடவுளாகப் பார்த்துத் தந்தது என்று நினைத்தேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்ற வேண்டும். நவராத்திரிக்குக் கணக்குப் புத்தகத்துக்கும் பூ வைப்போம். ஆனால் வருடம் முடிந்ததும் அதே புத்தகங்களைக் கட்டி மூலைக் கடைக்குக் கொடுத்துவிடுவோம். சாமான் சுற்றுவதற்கு. ஒருமுறை கோயில் திருவிழாவில் வறுத்த கச்சான் கடலை வாங்கினேன். சுற்றித் தந்த தாள் சரையை விரித்துப் பார்த்தால் என்னுடைய கையெழுத்து! நான் எழுதிய கட்டுரை. கீழே சிவப்பு மையில் "இன்னும் கவனம் தேவை" என்று டீச்சர் எழுதியிருந்தா. அதைக் காட்டிக் காட்டி வீட்டில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

அப்படி வளர்ந்தவள் நான். எழுத்துக்கு மரியாதை வேறு, பழைய தாள் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொடுகை போதும்.

அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு கிழித்தேன்.

இரண்டு புதன்கிழமைகளில் பெட்டி காலியாகிவிட்டது. இருபத்திநாலு பிள்ளைகளுக்கு இருபத்திநாலு தலை. கழுதைக்காரனின் தலையை மட்டும் நானே ஹெர்ஷுக்காகச் செய்தேன். அதற்கென்று நல்ல தடித்த தாளாகத் தேடி எடுத்தது நினைவிருக்கிறது. எல்லாம் காய்ந்ததும் மேலே வெள்ளை அடித்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம். காலிப் பெட்டிக்குள் களிமண் துடைத்த கந்தல் துணிகளைத் திணித்து, குப்பை வைக்கும் இடத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் குப்பை எரிக்கச் செங்கல்லால் கட்டிய ஒரு கூண்டு இருந்தது. அந்தக் காலத்தில் மெல்பேர்னில் எல்லார் வளவிலும் அப்படி ஒன்று இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டாவ்ரோஸ் அதில் எரிப்பார்.

"நான் காணேல்லை"

அடுத்த திங்கட்கிழமை, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஹெர்ஷ் வாசலில் வந்து நின்றார்.

"மிஸஸ் சிவா, படிக்குக் கீழ ஒரு பெட்டி வைச்சனான். கண்டனீங்களோ?"

"இல்லை. நான் காணேல்லை."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கண்ணாடிக் கோப்பையை உடைத்த பிள்ளை, கேட்டவுடன் "நான் இல்லை" என்று சொல்லுமே, அது மாதிரி வாயிலிருந்து விழுந்துவிட்டது. ரூத் தூரிகையை நிறத்தில் தோய்த்தபடியே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் அது என்ன பெட்டி என்று சொன்னார்.

கடவுளின் பெயர் எழுதிய தாளை அவர்கள் எறிவதில்லை, எரிப்பதில்லை. பழுதானால் மனிதரைப் புதைப்பது போல மண்ணில் புதைப்பார்கள். அப்படிப் புதைக்கச் சேர்த்து வைத்த புத்தகங்கள் அவை. படிக்குக் கீழே ஈரம் படாது என்று அங்கே வைத்திருக்கிறார்.

"அதில ஒண்டு என்ர அப்பான்ர பிரார்த்தனைப் புத்தகம். அங்கயிருந்து நான் கொண்டு வந்தது அது ஒண்டுதான். முதல் தாளில ஏழு பேரின்ர பேர் எழுதியிருக்கிறன். அப்பா, அம்மா, தங்கச்சிமார் மூண்டு பேர், பெண்சாதி, பிள்ளை. அவையளுக்கு எங்கையும் ஒரு குழி இல்லை. முகாமில எரிச்சுப் போட்டாங்கள். எனக்கும் வயசாகுது. இந்த ஞாயிறு சவக்காலையில பழைய புத்தகங்களைப் புதைக்கிறம். அதோட அவையளையும் தாட்டுப் போடலாம் எண்டு நினைச்சன்."

அவருக்கு நேரே, என் முதுகுக்குப் பின்னால், ஜன்னலோரத்தில் இருபத்தைந்து வெள்ளைத் தலைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மிஸ்டர் ஹெர்ஷ், ஒரு பெரிய பிழை நடந்து போச்சு, இந்தா இருக்கு எல்லாம்" என்று சொல்லியிருந்தால் அந்த ஞாயிறே அவற்றைக் கொண்டுபோய்ப் புதைத்திருப்பார். நாடகம் நின்றிருக்கும், எனக்கு வேலை போயிருக்கலாம். அவ்வளவுதான். ஆனால் சற்று முன் "காணேல்லை" என்று சொல்லிவிட்டேனே. இருபத்திநாலு பிள்ளைகளுக்கு முன்னால் அதை எப்படி மாற்றுவது? "தேடிப் பாக்கிறன்" என்றேன்.

மதியம் ஸ்டாவ்ரோஸ் ஆசிரியர் அறைக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

"வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி எரிச்சனான். பக்கத்தில உங்கட எழுத்து இருந்தது. உள்ளுக்கு என்ன எண்டு பாக்கேல்லை. நான்தான் எரிச்சுப் போட்டன், மிஸ்டர் ஹெர்ஷ்."

ஐம்பது வயது ஆம்பிளை, எல்லாருக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஹெர்ஷ் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு ஸ்டாவ்ரோஸின் தோளில் கை வைத்து, "நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்று மட்டும் சொன்னார்.

நான் அதே அறையில் இருந்தேன். என் தேத்தண்ணியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

அன்று பின்னேரம் குசினியில் வைத்து என் கணவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, நான் ஒரு பெரிய பிழை விட்டுட்டன்."

எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"இப்ப போய்ச் சொன்னா கிழிச்ச தாள் திரும்பி வருமோ? இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்கு உம்மட வேலையைக் காட்டித்தான் எழுதிப் போட்டிருக்கிறம். அது சரி வரட்டும். கொஞ்ச நாள் பொறும்."

அவர் தலையில் பழியைப் போட்டுவிட வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பொறு என்று சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் உண்மை. அந்தக் கொஞ்ச நாள் நாலு வருடமாகிவிட்டது.

ஏழு பெயர்கள்

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு பிற்பகல் நாடகம். மண்டபம் நிறைந்திருந்தது. என் வேலை திரைக் கயிற்றைப் பிடிப்பது. ஹெர்ஷ் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, கழுதைக்காரனைக் கையில் மாட்டியிருந்தார்.

சனங்கள் ஊர் திரும்புகிறார்கள். கழுதைக்காரன் ஆட்களை எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் பழகியிருந்தோம். ஹெர்ஷ் எண்ணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பொம்மை தலையைத் திருப்பி யாரையோ தேடியது, பிறகு தலையாட்டியது. ஏழு பெயர்கள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் பக்கம் சத்தமே இல்லை. நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டு வரை அந்தத் தலைக்குள் இருந்தது. அவர் கூப்பிடுகிறவர்கள் அவர் விரலைச் சுற்றி இருக்கிறார்களோ என்னவோ, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கயிற்றை விட்டுவிட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் செய்த காரியத்தைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. பொம்மைகளைப் பள்ளிக்கூடத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்றார் தலைமை ஆசிரியை. நான் முந்திக்கொண்டேன். "வேண்டாம், பிள்ளையள் ஆசையாச் செய்தது. வீட்டை கொண்டு போகட்டும்" என்றேன். ஒவ்வொருவர் கையிலும் நானே எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். என் கண்ணுக்கு முன்னால் அவை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

ரூத் தன் அரசனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மிஸ், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றாள்.

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். தலையைத் தடவி அனுப்பிவிட்டேன். ஒரு வருடம் முழுக்கக் கதையும் படமும் காட்டி அந்தப் பிள்ளைக்கு நான் படிப்பித்தது கடைசியில் அதுதான்.

கழுதைக்காரனை ஹெர்ஷ் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

வருடம் முடியும்போது ஸ்டாவ்ரோஸ் வேலையை விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அந்தச் செங்கல் கூண்டுக்குப் பக்கத்தில் போக முடியவில்லை என்று சொன்னாராம். கடைசி நாள் என் வகுப்பு வாசலில் ஒரு தாள் கட்டு இருந்தது. நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது.

"மிஸ்ஸுக்கெண்டு சேர்த்து வைச்சனான்" என்றார். "ஒவ்வொண்டா விரிச்சுப் பாத்துத்தான் கட்டினனான். பயப்பிட வேண்டாம்."

தம்பியின் கடிதம்

நாலு வருடம் போயிற்று. நான் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டேன். இங்கே இருப்பதற்கான அனுமதியும் கிடைத்துவிட்டது. இனிச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அப்படியும் சொல்லவில்லை.

அப்போது ஊரில் அப்பா செத்துப் போனார். தம்பியின் கடிதம் வந்து சேரும்போது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது, கவலைப்படாதே என்று எழுதியிருந்தான். எனக்கு அது போதவில்லை. கடைசி நேரத்தில் அப்பா தண்ணீர் கேட்டாரா, யார் கொடுத்தது? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எழுதிக் கேட்டேன். தம்பி வளவு எல்லைச் சண்டை பற்றியும் மழை பற்றியும் பதில் எழுதினான். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதற்குப் பதில் இல்லை.

அவன் அப்போது பக்கத்தில் இருக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள அவனுக்கு வெட்கம் என்று எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவன்மேல் பொல்லாத கோபம் வந்தது. ஒரு வரியில் முடிகிற விஷயத்தை ஏன் இப்படி மறைக்கிறான் என்று சேலையை மடித்துக்கொண்டே திட்டினேன். மடித்த சேலையை வைக்க அலுமாரியைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து வெந்தயம் மணந்தது.

ஒரே ஒரு கேள்வி

அடுத்த நாள் பிற்பகல், பொம்மையை ஒரு கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு ட்ராம் ஏறினேன். ஹெர்ஷ் ஓய்வு பெற்று, கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும், "மிஸஸ் சிவா, கீற வந்தனீங்களோ?" என்று சிரித்தார்.

கதிரையில் இருந்தேன். பொம்மையை எடுத்து மேசையில் வைத்தேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். பெட்டி, பசை, ரூத், கந்தல் துணி, ஸ்டாவ்ரோஸ்.

பிறகு கேட்டார்.

"அப்ப, எரியேல்லையோ?"

"இல்லை. எரியேல்லை."

எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது முகமும் சட்டைக் கழுத்தும் நனைந்திருந்தன.

"நாலு வருசம்" என்றார். "அவையளை ரெண்டாந்தரமும் எரிச்சாச்சு எண்டுதான் நாலு வருசமும் படுத்தெழும்பினனான். நீங்கள் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவருடைய தாளைக் கிழித்தது தெரியாமல் செய்த பிழை. அந்தச் சொல்லை நாலு வருடம் வைத்திருந்தது தெரிந்து செய்தது.

தலையைப் பிளந்து பார்க்கலாமா, அந்த முதல் தாள் இதற்குள் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பொம்மையை எடுத்து மணந்து பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"மிச்சம் இருபத்திநாலும்?"

"பிள்ளையள் வீட்டை கொண்டு போட்டினம்."

கொடுத்து அனுப்பியதே நான்தான் என்று சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்தார். வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் யோசிப்பாரே, அப்படி.

"என்ர பங்கை மன்னிக்கலாம். மன்னிச்சிட்டன். ஸ்டாவ்ரோஸின்ர பங்கு என்னட்ட இல்லை. அதை எங்கட முறையில அவன்தான் தரலாம், கடவுளும் தரேலாது. அவனிட்டச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"முதல் அவனிட்டப் போயிருக்க வேணும்."

சில கிழமைகளின் பின் ஒரு ஞாயிறு காலை, பழைய புத்தகங்களோடு கழுதைக்காரனையும் சவக்காலையில் புதைத்தார்கள். நானும் போயிருந்தேன். ஹெர்ஷ் மூன்று தரம் மண் அள்ளிப் போட்டார். அள்ளும்போது வாய்க்குள் பெயர் சொன்னார். நாடகத்தில் கேட்ட அதே ஏழு பெயர்கள், அதே ஒழுங்கு. பிறகு மண்வெட்டியை என் கையில் தராமல் மண்ணில் குத்திவிட்டு விலகினார். இன்னும் கோபம் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தைக் கைக்குக் கை மாற்றக் கூடாது என்பதற்காக எல்லாரும் அப்படித்தான் குத்திவிட்டு விலகுவார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சொன்னா. மண்வெட்டியைப் பிடுங்கி நானும் மூன்று தரம் போட்டேன்.

ஸ்டாவ்ரோஸைத் தேடினேன். அவர் பிறகு வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையை விசாரித்துப் போனேன். கிரேக்கத்துக்கே திரும்பிவிட்டார் என்றார் ஒருவர். இல்லை, பிரிஸ்பேனில் மகளோடு இருக்கிறார் என்றார் இன்னொருவர். கிரேக்கத் தேவாலயத்தில் கேட்டேன். அந்தப் பெயரில் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று சிரித்தார்கள். எனக்குத் தெரிந்தது அவருடைய முதற்பெயர் மட்டும்தான். கிழமை தவறாமல் எனக்குத் தாள் கட்டிக் கொடுத்த மனிதரின் முழுப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஹெர்ஷ் போய்விட்டார். என் கணவரும் போய்விட்டார். ஸ்டாவ்ரோஸ் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருக்கும். இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகாது. போனாலும் இதை வாசிக்க அவருக்குத் தெரியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்த மொழியில் ஒருமுறையாவது எழுதி வைக்கிறேன்.

ஸ்டாவ்ரோஸ், அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் எரித்த பெட்டிக்குள் இருந்தது என் வகுப்புக் கந்தல் துணிதான். நீங்கள் யாரையும் எரிக்கவில்லை.